கைப்பழக்கம் போதாது: வண்டி ஓட்டும் பயிற்சி எதைக் கற்றுத்தர வேண்டும்?

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த நாளோடு, வண்டி ஓட்டக் கற்பதைப் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறோம். அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓட்டினாலும், அருகில் அமர்ந்து கவனித்துத் திருத்த ஒருவர் வாய்ப்பதில்லை. சாலையும் நம்மைத் திருத்துவதில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் தடம் மாறினால் பின்னால் வந்தவர் பிரேக் பிடித்துவிடுகிறார். வளைவில் வேகமாக நுழைந்தால் எதிரே வண்டி வராததால் தப்பித்துவிடுகிறோம். தப்பித்த ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் சரியென்றே மனத்தில் பதிகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் இந்தத் தப்பிப்புகளைத்தான் பலரும் அனுபவம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஸ்வீடன் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் ஓட்டும் திறனை மதிப்பிடுங்கள் என்று அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் சிலரைக் கேட்டார். அமெரிக்கர்களில் 93 விழுக்காட்டினரும் ஸ்வீடன்காரர்களில் 69 விழுக்காட்டினரும் தங்களைத் திறமையில் மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் பாதிப் பேருக்குத்தானே இடம் உண்டு? பயிற்சிக்கு வரும்போதே நம்மில் பலர் இந்தத் தவறான கணக்கோடுதான் வருகிறோம். அந்தக் கணக்கைத் திருத்தாமல் கைத்திறனை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயில் நடந்தது நல்ல சான்று.

பனியும் உறைபனியும் நிறைந்த அந்த நாட்டில், வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியை 1979இல் கட்டாயமாக்கினார்கள். யோசனை நியாயமானதுதான். வண்டி சறுக்கும்போது ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவது, பிரேக்கை எப்போது விடுவது என்று தெரிந்திருந்தால் விபத்து குறையும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். 1988இல் இதன் விளைவுகளை ஆராய்ந்தபோது கிடைத்த விடை அதிர்ச்சி தந்தது. இளம் ஆண் ஓட்டுநர்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் கூடியிருந்தன. சறுக்கலைச் சமாளிக்கத் தெரியும் என்ற துணிச்சல், சறுக்கும் வேகத்துக்கே அவர்களைக் கொண்டுபோயிருக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம்.

இதைச் சோதனையாகவே நடத்திப் பார்த்தவர் ஸ்வீடனின் நில்ஸ் பெட்டர் கிரெகெர்சென். அவருடைய ஆய்வு 1996இல் வெளியானது. இளம் ஓட்டுநர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். வழுக்கும் தளத்தில் பிரேக் பிடிப்பதையும் தடையை விலகிச் செல்வதையும் முதல் குழு திரும்பத் திரும்பப் பழகியது. இரண்டாம் குழுவுக்கு அதே தளத்தில், திறமை எங்கே கைவிடும் என்பதை உணர்த்தினார்கள்: எவ்வளவு முயன்றாலும் இந்த வேகத்தில் இந்தத் தடையைத் தவிர்ப்பது உன் கையில் இல்லை என்று ஓட்டவைத்தே காட்டினார்கள். சில நாள் கழித்து இரு குழுக்களையும் மீண்டும் ஓட்டச்சொல்லிப் பார்த்தபோது, உண்மையான திறமையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழுவினர் தங்களைக் கூடுதல் திறமைசாலிகளாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் பயிற்சி அவர்களுக்குக் கொடுத்தது திறமை இல்லாத நம்பிக்கையை மட்டுமே.

பிற்பாடு ஸ்வீடன், நார்வே உள்ளிட்ட நார்டிக் நாடுகள் வழுக்குத் தளப் பயிற்சியின் நோக்கத்தையே மாற்றிக்கொண்டன. சறுக்கலிலிருந்து மீள்வதைவிட, சறுக்கலுக்கே போகாத வேகத்தை அறிவது முதன்மையானது. இன்று ஒரு மைதானத்தில் தண்ணீர் ஊற்றி வண்டியைச் சுழலவிடும் வகுப்பைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: மாணவர் வீட்டுக்குப் போகும்போது வேகத்தைக் குறைக்கும் மனநிலையில் போகிறாரா, கூட்டும் மனநிலையில் போகிறாரா?

உரிமம் பெற்ற பிறகு தரப்படும் பயிற்சிகளைப் பற்றி, பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2003இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இங்கே நினைவுகூரத்தக்கது. 24 சோதனைகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள். அப்படிப்பட்ட பயிற்சிகள் சாலைக் காயங்களைத் தடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அது முடித்தது. பயிற்சியே வீண் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பகுதி, விதிமீறலில் சிக்கியவர்களுக்கு வகுப்பறைப் பாடமாகவோ அஞ்சலில் அனுப்பிய அறிவுரையாகவோ தரப்பட்டவை. ஒருவரின் கண்ணையும் காலையும் மாதக்கணக்கில் பழக்கும் பயிற்சியும் இதுவும் ஒன்றல்ல. ‘பயிற்சி’ என்ற பெயரில் நடப்பதெல்லாம் பயன் தராது, அதன் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி.

உள்ளடக்கம் என்றால் எது? கியர், கிளட்ச், பிரேக், ஸ்டியரிங் ஆகியவை அடித்தளம். சில மாதங்களில் கை தானாகச் செய்யும் நிலைக்கு அவை வந்துவிடுகின்றன. அடுத்த படி சாலையைப் படிப்பது: எங்கே என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது. பின்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் இதற்கு மேலும் இரண்டு படிகளைச் சேர்த்தார்கள். இந்தப் பயணத்தை எதற்காக, எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் மேற்கொள்கிறோம் என்பது மூன்றாம் படி. வண்டி ஓட்டுவது நம் வாழ்க்கையில் என்ன இடம் வகிக்கிறது, வேகத்தை வைத்து யாரிடம் எதை நிரூபிக்கப் பார்க்கிறோம் என்பது நான்காம் படி. மேலே உள்ள படியில் எடுக்கும் முடிவு கீழே உள்ளவற்றை ஆட்டிப்படைக்கிறது. தூக்கமில்லாமல், தாமதமாகக் கிளம்பி, கோபத்தோடு ஓட்டுபவரின் அருமையான கியர் மாற்றும் திறன் யாரைக் காப்பாற்றும்? பெரும்பாலான பயிற்சிப் பள்ளிகள் முதல் படியில் தொடங்கி இரண்டாம் படியின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

அந்த இரண்டாம் படியில்தான் உழைப்புக்கு அதிகப் பலன் இருக்கிறது. அது முழுக்க முழுக்கக் கண்ணின் வேலை. மூரன்ட், ராக்வெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புதியவர்களின் பார்வை வண்டிக்கு மிக அருகிலேயே, குறுகிய பரப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளையும் அவர்கள் குறைவாகவே பார்த்தார்கள். அனுபவம் உள்ளவர்களின் பார்வை தூரத்துக்குப் போய், பக்கவாட்டில் விரிந்து, மீண்டும் திரும்பியது. புதியவர் தடத்தின் நடுவில் வண்டியை வைத்திருப்பதற்கே கண்ணைச் செலவழித்துவிடுகிறார். தூரத்தைப் பார்க்க அவரிடம் கண் மிச்சமில்லை. பார்வையைத் தூரத்துக்கு நகர்த்தினால் வண்டி தானாகவே நேராகப் போகும், ஸ்டியரிங்கில் சின்னச் சின்னத் திருத்தங்கள் குறையும் என்பதை அவருக்கு யாராவது சொல்லிக்காட்ட வேண்டும்.

இதைப் பழக எனக்குத் தெரிந்தவற்றில் சிறந்த வழி, ஓட்டிக்கொண்டே வாய்விட்டுச் சொல்வது. லண்டன் பெருநகரக் காவல்துறை 1930களில் ஹென்டனில் ஓட்டுநர் பள்ளி தொடங்கியது. பந்தய ஓட்டுநராக இருந்த காட்டன்ஹாம் பிரபு 1937இல் அதற்கு ஆலோசகராக வந்து பயிற்சி முறையைச் சீரமைத்தார். அந்த மரபில் வளர்ந்த காவல்துறைப் பயிற்சியில், ஓட்டுநர் தான் காண்பதையும் செய்யப்போவதையும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது ஒரு முக்கியப் பாடம். அது எப்படி இருக்கும்? ‘முன்னால் பஸ் நிற்கிறது. அதன் அடியில் இரண்டு கால்கள் தெரிகின்றன, யாரோ இறங்கியிருக்கிறார். பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடக்கலாம். கண்ணாடியில் லாரி நெருங்கி வருகிறது, திடீரென்று நிறுத்த முடியாது. இப்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன், பிரேக் விளக்கு எரியட்டும் என்று மெல்லத் தொடுகிறேன். பஸ்ஸிலிருந்து ஒரு கதவகலம் தள்ளிப் போகிறேன்.’ இவ்வளவும் சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். முதலில் நாக்கு குழறும். பார்த்ததைச் சொல்வதற்குள் அது கடந்து போயிருக்கும். போதுமான தூரத்துக்கு முன்னால் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். தூரமாகப் பார்க்கப் பார்க்கச் சொல்லவும் நேரம் கிடைக்கிறது. பயிற்றுநருக்கும் மாணவரின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதை அறிய இதைவிட நல்ல வழி கிடையாது. கால்கள் தெரிவதை மாணவர் சொல்லவில்லை என்றால் அவர் அதைப் பார்க்கவில்லை.

பிரிட்டனில் 2002 நவம்பர் முதல் ஓட்டுநர் தேர்வில் ஆபத்தை உணரும் திறனுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. 14 காணொளித் துணுக்குகள், அவற்றில் உருவாகிவரும் 15 ஆபத்துகள். எவ்வளவு சீக்கிரம் ஆபத்தைக் கண்டு பொத்தானை அழுத்துகிறாரோ அவ்வளவு மதிப்பெண், அதிகபட்சம் ஐந்து. திரையில் பழகுவது சாலையில் பழகுவதற்கு ஈடாகாது என்றாலும், கையும் காலும் வேலை செய்யாமல் கண்ணுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கக்கூடியது என்பது அதன் வலிமை. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பயணியாக அமர்ந்திருக்கும்போதும் இதே பயிற்சியை மனத்துக்குள் செய்யலாம்.

வளைவுகளைப் படிக்கவும் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. வளைவுக்குள் பார்க்கும்போது சாலையின் இரண்டு ஓரங்களும் ஓரிடத்தில் சேர்வதுபோல் தோன்றும். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அது நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் போகும் வேகத்திலேயே அதுவும் விலகிப்போனால் வேகம் பொருத்தம். நம்மைவிட வேகமாக ஓடினால் வளைவு விரிகிறது. அந்தப் புள்ளிக்குள் நம்மால் நிறுத்த முடிய வேண்டும் என்பதுதான் எல்லை. வளைவுக்கு அப்பால் மாடு நிற்கலாம், பழுதான லாரி நிற்கலாம், மண் சரிந்து கிடக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சாலையை வெற்றுச் சாலை என்று நம்பி ஓட்டுவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நல்ல காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடுகிறார். முழுப் பிரேக்கில் மேலும் 12 மீட்டர். ஆக 26 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதே இடத்தில், அதே கணத்தில் ஆபத்தைக் கண்ட இன்னொருவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். அவர் காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். மீதி ஒன்பது மீட்டரில் எவ்வளவு அழுத்தினாலும், முதல் வண்டி நின்ற இடத்தை அவர் கடக்கும்போது வேகம் மணிக்கு 41 கிலோமீட்டர் இருக்கும். முதலாமவர் ஒரு குழந்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டார் என்றால், இரண்டாமவர் 41 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறார். இருவரின் வேக வித்தியாசம் மணிக்கு வெறும் பத்து கிலோமீட்டர். இந்த எண்களைப் பயிற்சி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியை ஓட்டி நிறுத்திக் காட்டினால் எந்த அறிவுரையும் தேவைப்படாது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதை எல்லோரும் பாடமாகப் படிக்கிறோம். உடம்பில் அது ஏறுவது கோட்டைத் தாண்டி வண்டி போய் நிற்கும்போதுதான்.

மோட்டார் சைக்கிளுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. காரில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் மீதியை, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் கருவி பார்த்துக்கொள்ளும். பைக்கில் கைத்திறன் உண்மையாகவே உயிரோடு சம்பந்தப்பட்டது. கண்ணுக்குத்தான் முதலிடம் என்று இவ்வளவு நேரம் சொன்ன நானும் இந்த இடத்தில் கைக்கு அதன் உரிய பங்கைக் கொடுத்தாக வேண்டும்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையில், லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒரு குழு நேரில் சென்று ஆராய்ந்தது. அறிக்கை 1981இல் வந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாங்களாகவோ, குடும்பத்தார் நண்பர்களிடமிருந்தோ ஓட்டக் கற்றவர்கள். வேறொரு வண்டி சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், வழிவிட வேண்டிய அந்த வண்டி வழிவிடாததே காரணம். ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதல் வரை சராசரி ஓட்டுநருக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நொடியில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. விலகிச் செல்லும் திறன் அவர்களிடம் இல்லவே இல்லை என்கிற அளவுக்கு அறிக்கை எழுதியது. பழமையான அறிக்கைதான். ஆனால் முன் பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்று நம்பிக் கால் பிரேக்கிலேயே காலம் தள்ளுபவர்கள் இன்றும் எங்கும் இருக்கிறார்கள்.

உண்மையில் நடப்பது இது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் நம் எடையும் முன்சக்கரத்துக்கு மாறுகின்றன. முன் டயர் தரையில் அழுந்துகிறது, அதன் பிடிமானம் கூடுகிறது. பின் டயர் இலேசாகிறது, சட்டென்று பூட்டிக்கொள்கிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. கவிழவைப்பது முன் பிரேக் அல்ல, அதை வெடுக்கென்று பிடிப்பது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் லிவரை முழுக்க இழுத்தால், இன்னும் அழுந்தாத டயர் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும்.

வெற்றிடத்தில், காய்ந்த தளத்தில், ஹெல்மெட், கையுறை, கனத்த சட்டை, கணுக்காலை மூடிய காலணியோடு இதைப் பழகலாம். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நேராக வாருங்கள். குறித்துவைத்த கோடு வந்ததும் ஆக்சிலரேட்டரை மூடி, இரண்டு விரலால் முன் லிவரைத் தொட்டு, தளர்வு எடுபடும்வரை மட்டும் இழுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் மெல்ல அமுங்குவதைக் கைகளில் உணர்வீர்கள். அமுங்கத் தொடங்கிய பிறகு விசையைக் கூட்டிக்கொண்டே போங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல, தொடக்கத்தில் மெதுவாகவும் முடிவில் பலமாகவும் பிழிய வேண்டும். பின் பிரேக்கில் கால் இலேசாக இருக்கட்டும். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்தால் உடம்பின் எடை கைகளில் விழாது. கண் தூரத்தில் இருக்க வேண்டும், முன்சக்கரத்தைப் பார்த்தால் பைக் தள்ளாடும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்தக் கணமே லிவரை விட்டு மீண்டும் பிடிக்க வேண்டும். அதையும் மிகக் குறைந்த வேகத்தில், பயிற்றுநர் முன்னிலையில்தான் பழக வேண்டும். கோட்டிலிருந்து நின்ற இடம் வரை அடியளந்து பாருங்கள். சுருங்கிக்கொண்டே வரும் அந்தத் தூரம்தான் உங்கள் மதிப்பெண். வேகத்தை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் கூட்டுவது அதற்குப் பிறகு.

திருப்பத்தில் பலரைக் குழப்புவது எதிர்த் திருப்பம். சைக்கிள் வேகத்தைத் தாண்டியதும், பைக்கை வலப்பக்கம் சாய்க்க வேண்டுமானால் ஹேண்டில்பாரின் வலப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது முன்சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் திரும்புகிறது, பைக் வலப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பக்கமே போகிறது. இரு சக்கர வண்டி ஓட்டும் எல்லோரும் இதை அறியாமலே செய்கிறார்கள். விமானத்துக்கு முன்னால் சைக்கிள் தயாரித்துவந்த ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பர், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டதாகவும், முதல் தடவையிலேயே முழுதாகச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை என்றும் பதிவு செய்திருக்கிறார். அறியாமல் செய்வது சாதாரண நாளில் போதும். திடீரென்று குழந்தையோ கதவோ குறுக்கே வரும்போது, பயம் கைகளை இறுக்கிவிடும், ஹேண்டில்பார் நேராகவே நிற்கும். அறிந்து, தள்ளிப் பழகிய கைதான் அப்போது வேலை செய்யும்.

அதைக் கெடுக்கும் இன்னொன்று கண். எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் பைக் போகும். குழியை வெறித்துப் பார்த்தால் குழிக்குள் போவோம். வளைவில் எதிர் லாரியைப் பார்த்து உறைந்தால் லாரியை நோக்கியே போவோம். தப்பிக்கும் வழியைப் பார், தடையைப் பார்க்காதே என்று சொல்வது எளிது. பழக்கமாக்குவதற்கு மென்மையான கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு இடையிலான வெளியை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சிதான் வழி. குறைந்த வேகத்தில் வட்டமடிப்பதற்கும் இதே விதி. தாடையைத் தோளுக்கு மேல் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பார்த்தால், கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை இலேசாக இழைத்தால், கனமான பைக்கும் குறுகிய இடத்தில் திரும்பிவிடும்.

ஆனாலும் அந்த இரண்டு நொடிக்குள் நுழையாமல் இருப்பதுதான் பெரிய திறமை. பைக் ஓட்டுபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கார் ஓட்டுபவர் அவரை நேராகப் பார்த்தும் காணாமல் போகலாம். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும்போது, இடையில் உள்ள காட்சியை மூளை மங்கவைத்துவிடுகிறது. சந்திப்பில் தலையை இருபுறமும் வேகமாகத் திருப்பிப் பார்ப்பவரின் இரண்டு தாவல்களுக்கு இடையில் ஒரு பைக் முழுதாக மறைந்துபோகலாம். காரின் முன்கண்ணாடித் தூணும் ஒரு பைக்கை மறைக்கப் போதும். பைக் சிறியதாகத் தெரிவதால் அது இன்னும் தூரத்தில், மெதுவாக வருவதாகவும் தோன்றும். ஆகவே கார் ஓட்டுபவருக்கான பாடம்: ஒரே வீச்சில் பார்க்காமல், இரண்டு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பாருங்கள், தூணுக்குப் பின்னால் இருப்பது தெரியத் தலையை அசையுங்கள், இரண்டாவது முறை பாருங்கள். பைக் ஓட்டுபவருக்கான பாடம்: சந்திப்பில் காத்திருக்கும் காரின் ஓட்டுநர் முகத்தை நம்பாதீர்கள், அவருடைய முன்சக்கரத்தைப் பாருங்கள். கார் நகரத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது சக்கரத்தின் சுழற்சிதான். வேகத்தைக் குறைத்து, விரல்களைப் பிரேக் லிவரில் வைத்து, தடத்துக்குள்ளேயே சற்றுப் பக்கவாட்டில் நகருங்கள். நேராக வருவதைவிடக் குறுக்கே நகர்வது கண்ணில் படும்.

கார் ஓட்டுபவர்களின் கைத்திறனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலானோரிடம் உள்ள குறை, அவசரத்தில் பிரேக்கைப் போதிய பலத்தோடு மிதிக்காததுதான். மிதிக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் தயங்குகிறார்கள். 1996இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில், பிரேக்கை மிதிக்கும் வேகத்தைக் கொண்டு அவசரத்தை உணர்ந்து தானே முழு அழுத்தம் தரும் கருவியைப் பொருத்தியதற்கு இந்தத் தயக்கமே காரணம். ஏபிஎஸ் வேலை செய்யும்போது கால் அடியில் பிரேக் அதிர்வதை முதல்முறையாக உணர்பவர் பயந்து காலை எடுத்துவிடுவார். பாதுகாப்பான வெற்றிடத்தில் ஒருமுறையாவது முழுப் பலத்தோடு மிதித்து அந்த அதிர்வைப் பழகிக்கொள்ள வேண்டும். அப்படி மிதிக்க இருக்கை சரியாக இருக்க வேண்டும்: பிரேக்கை முழுதாக அமுக்கியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். சாய்ந்து படுத்துக்கொண்டு ஓட்டுபவரால் இது முடியாது.

எவ்வளவு பழகினால் போதும் என்ற கேள்விக்கு ஸ்வீடனின் அனுபவம் ஒரு திசையைக் காட்டுகிறது. உரிமம் பெறும் வயது 18 ஆகவே இருக்க, பழகத் தொடங்கும் வயதை 1993இல் பதினேழரையிலிருந்து 16க்குக் குறைத்தார்கள். அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் உரிமத்துக்கு முன் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டியிருந்தார்கள், முன்பு பழகியவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். உரிமம் பெற்ற பிறகு அவர்களுடைய விபத்து ஆபத்து சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. முன்கூட்டியே தொடங்கும் குடும்பங்கள் இயல்பிலேயே கவனமானவை என்பதும் இதில் ஓரளவு சேர்ந்திருக்கும். ஆனாலும் மழை, இரவு, நெரிசல், நெடுஞ்சாலை என எல்லாவற்றையும் அருகில் ஒருவர் இருக்கும்போதே சந்தித்துவிடுவதன் பயன் அதில் தெரிகிறது. நியூசிலாந்து 1987இல் தொடங்கிய படிப்படியான உரிம முறையும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். புதியவரை இரவிலும், நண்பர்களை ஏற்றிக்கொண்டும், அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் ஓட்டவிடாமல், ஆபத்து குறைந்த சூழலில் அனுபவம் சேர்க்கச் செய்கிறது அது.

ஏற்கெனவே உரிமம் உள்ளவருக்கு ஒரே நாளில் முடியும் நீண்ட வகுப்பைவிட, இடைவெளி விட்டுப் பல குறுகிய பயிற்சிகள் நல்லது. களைத்த உடம்பு தவறையே பழகும். பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்று விசாரிப்பதில் பயனில்லை. பொதுச் சாலையில் உங்கள் அருகே அமர்ந்தோ பின்னால் பைக்கில் தொடர்ந்தோ வருவாரா, நீங்கள் பார்க்கத் தவறியதைச் சொல்வாரா, ஒரு மாதம் கழித்து மீண்டும் ஓட்டிப் பார்ப்பாரா என்று கேளுங்கள். பந்தயத் தளத்தில் நடக்கும் வகுப்புகளுக்குப் போகலாம். சாய்வையும் பிரேக்கையும் அங்கே நன்றாகக் கற்கலாம். ஆனால் அங்கே எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, வளைவில் மணல் கிடக்காது. அங்கே எட்டிய வேகம் சாலைக்கான அளவுகோல் ஆகாது என்று சொல்லி அனுப்பும் பயிற்றுநரிடம் மட்டுமே நான் ஒருவரை அனுப்புவேன்.

கற்ற திறமை பயன்படுத்தாவிட்டால் மங்கிவிடும், அவசர பிரேக் முதலில் மங்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பைக் எடுப்பவர், வேறு வண்டிக்கு மாறியவர், புது டயர் போட்டவர் ஆகியோர் முதல் நாளே மைதானத்துக்குப் போய் நிறுத்திப் பார்ப்பது நல்லது. புது டயரின் மேற்பரப்பு தேய்ந்து சொரசொரப்பாகும்வரை அதன் பிடிமானம் குறைவு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்த எடையோடும் ஒருமுறை பிரேக் பிடித்துப் பழக வேண்டும். பின்சக்கரத்தில் எடை கூடியிருப்பதால் அப்போது பின் பிரேக்கும் வழக்கத்தைவிட அதிகம் உதவும். ஏறி அமர்பவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும், வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும், நின்ற பிறகும் சொல்லும்வரை இறங்கக்கூடாது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.